ஆரல்வாய்மொழி: காற்றும் மழையும் கொண்டுபோன மண்

ஆரல்வாய்மொழி என்றதும் வரலாற்று வாசகர்களுக்கு 1809 நினைவுக்கு வரும். வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்கக் கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கும்பினிப் படை அவ்வாண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இக்கணவாயின் கோட்டை வரிசையைப் பிடித்தது. திருவிதாங்கூரின் தென்வாயில் அன்று திறந்தது. பிறகு மூடப்படவே இல்லை. தாக்குதலில் முன்னின்ற வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தம் நினைவுக்குறிப்புகளில் இதை விரிவாக எழுதி வைத்தார். படைகள் ஒருநாள் கடந்த இந்த வாயிலை ஆண்டுதோறும் நான்கு மாதம் வேறொன்று கடக்கிறது. அதற்கு நினைவுக்குறிப்பு எழுத ஆளில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனைக்கு வருமுன் விடுகின்ற கடைசிப் பெரிய இடைவெளி இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கில் நெருங்கி, வேகம் கூடி, கிழக்கே பாய்கிறது. 1990-களில் முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் பெருகியதற்குக் காரணம் அதுதான். காற்றாலை வருவதற்கு முன்பும் அக்காற்றுக்கு ஒரு வேலை இருந்தது. அது மண் சுமந்தது. மலையின் மேற்குச் சரிவிலோ அதே பருவக்காற்று கொண்டுவரும் மழை மண் சுமக்கிறது. இரண்டையும் தடுக்க மனிதர்கள் மரம் வைத்திருக்கிறார்கள். யார் எந்த மரத்தை வைத்தார்கள், எது மண்ணை நிறுத்தியது, எது நிறுத்துவதுபோலத் தோன்றி ஏமாற்றியது என்பதையே இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் கிழக்குப் பக்கம். கணவாயைத் தாண்டிப் பணகுடி, வள்ளியூர் வழியாகக் கடல் நோக்கிச் சென்றால் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பகுதிகளில் தேரிக்காடு எதிர்ப்படும். செக்கச் சிவந்த மணல்மேடுகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி 1883-இல் வெளியிட்ட நூலில், மலையடிவாரச் செம்மண் பரப்பிலிருந்து தென்மேற்குக் காற்று வாரிக்கொண்டு வந்த மண்ணே இத்தேரிகள் என்று விளக்கினார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதில் முழுதும் உடன்படவில்லை. தேரியின் தோற்றம் இன்னும் பழையது, இன்னும் சிக்கலானது என்கிறார்கள். இம்மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் ஆல்சினும் 1956-இல் எழுதிய கட்டுரை தொல்லியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் தேரி மணல் காற்றில் ஊர்ந்து குளத்தையும் கொல்லையையும் மூடும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதை நிறுத்தியவை பனையும் உடைமரமும். பனையின் அடியில் நூற்றுக்கணக்கான நார்வேர்கள் கற்றையாக இறங்குகின்றன. குடைபோல் விரியும் உடைமரம் தரைமட்டக் காற்றைத் தணிக்கிறது. (குதிரைமொழி, காயாமொழி என்று தேரிப்பக்கத்திலும், ஈத்தாமொழி, ஆரல்வாய்மொழி என்று குமரிப்பக்கத்திலும் வரும் ‘மொழி’ பேச்சைக் குறிப்பதன்று என்பது வெளிப்படை. பெயரொற்றுமையை வைத்து எதையும் நிறுவ நாம் முயலவில்லை.)

பனையை அங்கே யாரும் மண்பாதுகாப்புக்காக வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பதனீருக்கும் கருப்பட்டிக்கும் ஓலைக்கும் வைத்தார்கள். பனையேறி பிழைத்தவரை பனை நின்றது. பனை நின்றவரை மணல் நின்றது. அமெரிக்காவில் 1930-களில் புழுதிப்புயல் சமவெளிகளைச் சூறையாடியபோது, 1934 முதல் 1942 வரை அரசே முன்வந்து 22 கோடி மரங்களைக் காற்றுத்தடுப்பு வரிசைகளாக நட்டது. பெருமுயற்சிதான். அதே வேலையைத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சாதியினரின் முதுகெலும்பு செய்துகொண்டிருந்தது. அதற்குத் திட்டமென்று பெயரில்லை. பனையேற்றம் குறைந்தபின் செங்கல் சூளைகளுக்கு விறகாகப் பனைகள் சாய்ந்தன. மாநில மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது.

இனி மேற்கே திரும்பி மலையேறுவோம். நம் பொருளின் கனம் அங்கேதான் இருக்கிறது.

மலைச்சரிவில் பயிரிடுவது தமிழுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் குறவர் சந்தனமும் அகிலும் வெட்டிச் சாய்த்து எரித்து, அச்சாம்பலில் தினை விதைக்கிறார்கள். புனம் என்ற அச்சொல் மலபாரில் மிக அண்மைக் காலம்வரை அதே பொருளில் வழங்கியது. மரத்தை அழித்து விளைக்கும் இம்முறையில் மண் எப்படித் தப்பியது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டு மூன்று விளைச்சலுக்குப்பின் புனத்தைக் கைவிட்டு வேறிடம் போவதால்தான். கைவிட்ட இடத்தில் காடு மீளும். புறநானூற்றில் பறம்புமலையைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் பயன்களை எண்ணும்போது மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கைச் சொல்கிறார். முற்றுகையிட்ட மூவேந்தருக்கான அறைகூவலாகவே அதைப் படித்து வந்திருக்கிறோம். சரிவு நிலத்தின் வேளாண் அறிவாகவும் அதைப் படிக்கலாம். மூன்று பயன்கள் மரத்தையும் மரம்போன்ற புல்லையும் சார்ந்தவை. நான்காவதைத் தோண்டி எடுத்தால் போதும். ஏர் எதற்கும் தேவையில்லை.

அடிவாரத்தில் நிலைத்துக் குடியிருந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களில் பாதி ‘விளை’ என்று முடியும். நெல்வயல் பள்ளத்தில், விளை மேட்டில். விளையின் சரிவை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் கல்லாலோ மண்ணாலோ கையாலை எழுப்புவார்கள். கையாலையின்மேல் முருக்கும் பூவரசும் வேலியாக நிற்கும். முருக்கில் நல்லமிளகு ஏறும். உள்ளே தென்னை, பலா, மா, புளி, அயினி. அதனடியில் வாழை. அதற்கும் அடியில் சேம்பு, காய்ச்சில், இஞ்சி. உதிர்ந்த சருகை யாரும் முழுதாகக் கூட்டி எடுப்பதில்லை. மழைத்துளி மண்ணைத் தொடுமுன் நான்கு மாடி இறங்கி வரவேண்டும். இவ்வடுக்குமுறைக்கு எந்த ஆய்வு நிலையமும் பெயர் வைக்கும் முன்பே இது இங்கே இருந்தது.

விளையைக் குலைத்ததில் ஒரு நல்லெண்ணத்துக்கும் பங்குண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிக் கிழங்கைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பினார். பஞ்சத்தில் உயிர் காத்த கிழங்கு அது. அரிசிக்கு வழியற்றவர்களின் அன்றாட உணவு. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் சரிவில் அதைப்போல மண் தின்னும் பயிர் குறைவு. நடும்போது மண்ணைக் கொத்திக் கூட்ட வேண்டும். இலைவிரிவு தரையை மூட மாதங்களாகும். பறிக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். விளையின் நடுவே மரச்சீனிக்காக மரங்களை விலக்கியபோதெல்லாம் கையாலையின்மேல் சுமை கூடியது.

மலையுச்சிக்குப் பெருங்கேடு வந்தது 1860-களில். அசம்பு மலைத்தொடர், அதாவது ஆரியங்காவுக்குத் தெற்கே மகேந்திரகிரி தாண்டி ஆரல்வாய்மொழிவரை நீளும் மலைகள், ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்குக் காப்பி பயிரிடத் திறந்துவிடப்பட்டது. மாதவராவ் திவானாக இருந்த காலம் (1858–1872). அரசுக்கு வருவாய் வேண்டியிருந்தது. 1855-இல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. வயலில் நெல்லாகக் கூலி வாங்கிய மக்களுக்குக் காசுக்கூலி தரும் இடமாகத் தோட்டம் தோன்றியது. மண்ணைப் பற்றி வருந்தும் நாம் இந்த நியாயத்தையும் மறக்கக் கூடாது.

அத்தோட்டங்களுக்கு முன்மாதிரி இலங்கை. அங்கே காப்பி நடும் முறை எளிமையானது, கொடியது. காட்டை மேலிருந்து கீழாக வெட்டிச் சாய்த்து எரிப்பது. வரிசையாகக் குழியெடுத்து நடுவது. பிறகு ஒரு புல்கூட இல்லாமல் மாதந்தோறும் களை பறிப்பது. ‘சுத்தக் களையெடுப்பு’ நல்ல தோட்டத்துரையின் இலக்கணமாக இருந்தது. துரையின் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த தரை முதல் இடிமழையிலேயே ஓடையில் இறங்கியது. காட்டுமண்ணின் நூற்றாண்டுச் சேமிப்பு சில ஆண்டுகளில் செலவானது. 1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது. ஓரிரு ஆண்டில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. 1878-இல் இலங்கையில் 2,75,000 ஏக்கரில் காப்பி இருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது சரிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. அசம்பு மலைக் காப்பியும் அவ்வாறே நொடித்தது. நோய்தான் கொன்றது என்று எழுதுவது வழக்கம். மண் போன செடியை நோய் எளிதில் தின்றது என்றும் சேர்த்து எழுதலாம் என்பது நம் கருத்து.

அறிவு இல்லாமல் நடந்ததா என்றால் இல்லை. சென்னை மாகாண மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் 1849-லேயே மரங்களுக்கும் மழைக்கும் நிலத்தின் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதியிருந்தார். 1856-இல் மாகாணத்தின் முதல் வனக்காப்பாளராக அமர்ந்த கிளெக்ஹார்ன் காடழிவைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார். எச்சரிக்கையின் சுட்டுவிரல் பெரும்பாலும் எத்திசையில் நீண்டது என்பதே வேதனை. மலைவாழ் மக்களின் எரிபுன வேளாண்மைதான் முதற்குற்றவாளி. அவ்வறிக்கைகளில் அதற்குக் ‘குமரி’ என்று பெயர். நம் மாவட்டப் பெயரோடு அதற்கு உறவில்லை. சில ஏக்கரை எரித்து, சில ஆண்டில் விட்டுப்போகும் காணிக்காரர் காட்டின் பகைவரானார். ஆயிரம் ஏக்கரை எரித்து நிலைத்துவிட்டவர் முன்னேற்றத்தின் தூதரானார். 1873-இல் கியூ தாவரத் தோட்டத்தின் ஹூக்கர் முதலியோரின் யோசனைப்படி இலங்கையில் 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. அதற்குக் கீழே இருந்தவற்றின் கதை முன்பே முடிந்திருந்தது.

தோட்டங்கள் செய்த தவற்றைத் தோட்டங்களே உணர மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. இலங்கையில் மண்ணரிப்பு பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு 1931-இல் அறிக்கை தந்தது. 1951-இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. இடையில் தேயிலைச் சரிவுகளில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், வடிகால்கள் வெட்டினார்கள். மலையகத் தமிழில் இதற்குக் ‘கான்’ என்று பெயர். ‘கான் வெட்டு’ தோட்டத்து ஆண்களின் கடுமையான வேலைகளுள் ஒன்று. தேயிலைக்கிடையே முருக்கும் சில்வர் ஓக்கும் நட்டார்கள். முருக்கின் கிளையை ஆண்டுக்குச் சிலமுறை வெட்டித் தேயிலையடியில் பரப்பினால் அது உரம். அதைவிட, தரைக்கு ஒரு போர்வை. கொழும்பின் ஏற்றுமதிக் கணக்கில் இடம்பெறாத இந்த அறிவு, கானை வெட்டியவனின் கையில் இருந்தது.

அக்கை திரும்பி இங்கேயே வந்தது என்பது வரலாற்றின் வினோதம். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாக எண்ணப்பட்டார்கள். எண்ணப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும், கேட்கப்படவில்லை. இவர்களுக்கு வேலை தர நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களும் குமரியில் அரசு ரப்பர்த் தோட்டங்களும் பயன்பட்டன. 1960-களில் வனத்துறை தொடங்கிய ரப்பர்ப் பரப்பு 1984-இல் அரசு ரப்பர்க் கழகமாயிற்று. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, மயிலாறு, கோதையாறு என்று அதன் பிரிவுகள் மலைக்குள் விரிந்தன. மூன்று நான்கு தலைமுறைக்கு முன் இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கடல் கடந்தவர்களின் பேரர்கள், பார்த்தேயிராத ‘தாயகத்தின்’ மலைச்சரிவில் மறுபடியும் தளம் வெட்டினார்கள்.

ரப்பர் மண்ணைக் காக்கிறதா? இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றை விடை சொல்பவர்களை நம்ப வேண்டாம். மரம் என்றாலே மண்பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மழைத்துளியின் போக்கைக் கவனித்தால் அது அவ்வளவு எளிதல்ல என்று தெரியும். இலையில் விழும் சிறுதுளிகள் அங்கே சேர்ந்து பெருந்துளியாகித்தான் சொட்டுகின்றன. அத்துளி எட்டு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே இழந்த வேகத்தைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். கீழே தரை வெறுமையாக இருந்தால், மரமே இல்லாத இடத்தைவிட மரத்தடியில் மண் அதிகம் தெறிக்கக்கூடும். அகன்ற இலைத் தேக்கின் அடியில், கோடைத்தீயில் சருகும் போன சரிவில், இதை எவரும் காணலாம். மண்ணைப் பிடிப்பது மரத்தின் தலையைவிட அதன் காலடி: சருகு, புல், கொடி, சிறுவேர். ரப்பர் நட்ட முதலாண்டுகளில் சரிவுக்குக் குறுக்கே உட்சாய்வான தளம் வெட்டி, இடையிடையே நீர்க்குழி எடுத்து, பியூரேரியா போன்ற பயற்றினக் கொடியைப் படரவிட்டால் மண் நன்றாகவே நிற்கும். கொடி, தழைச்சத்தும் தரும். செலவென்று கருதி இவற்றை விட்டால் ரப்பர்த் தோட்டமும் பழைய காப்பித் தோட்டமும் மண்ணுக்கு ஒன்றுதான்.

மண்ணைப் பிடித்தாலும் நீரைக் குடித்துவிடும் மரங்களும் உண்டு. நீலகிரிக்கு 1843-இல் கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ், புல்வெளிகளையும் சோலையோரங்களையும் பிறகு மெல்ல விழுங்கியது. 1954-இல் உதகையில் தொடங்கிய மண், நீர் பாதுகாப்பு ஆய்வு மையம், கிளென்மார்கனில் இரு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்தில் பக்கமாக 1968 முதல் அளந்தது. ஒன்றை இயற்கைப் புல்லாக விட்டது. மற்றதில் நீலப்பசை மரம் வைத்தது. முதல் சுற்று மரங்கள் வளர்ந்த காலத்தில் ஓடைக்கு வந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு. கோடையில் ஓடையை நம்பியிருக்கும் அடிவாரத்தானுக்கு இக்கணக்கு சிறிதன்று. இவ்வளவு நீண்டகாலம் பொறுமையாக அளந்த ஆய்வுகள் நம்மிடம் குறைவு. இதை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம்.

நாஞ்சில் நாட்டுக்கு இது புத்தகச் செய்தியல்ல. இங்கே நெல் விளைவது மேலே மலை நிற்பதால். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், 1952-இல் வந்த பெருஞ்சாணியும், பாண்டியன் காலத்துப் பழைய அணையும் சேர்ந்ததே கோதையாற்றுப் பாசனம். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை பேச்சிப்பாறையிலேயே இருக்கிறது. அனந்தனாறும் நாஞ்சில் நாட்டுப் புத்தனாறும் தோவாளைச் சானலும் அந்நீரைச் சுமந்து வருகின்றன. தோவாளைச் சானலின் நீர் ஆரல்வாய்மொழிப் பக்கம் வரை எட்டுகிறது. பேச்சிப்பாறையின் முழுமட்டம் 48 அடி என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். அடியில் எத்தனை அடி சேறு என்ற செய்தி அதனருகில் வருவதில்லை. சரிவில் கழுவப்பட்ட மண் மறைந்துவிடுவதில்லை; கீழே யாரோ ஒருவருடைய தண்ணீரின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முன்பு குளத்து வண்டலை வெட்டி வயலுக்கும் விளைக்கும் கொண்டுபோவார்கள்; ஓடிவந்த மண்ணில் ஒரு பங்கு வண்டியேறி மேட்டுக்குத் திரும்பும். அவ்வழக்கம் தேய்ந்தபின் வண்டல் செங்கல்லாகிறது.

சரிவில் பயிர்செய்யும் சிறு விவசாயிக்கு வழி சொன்னவர்களுள் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் பணியாற்றிய ஹரால்ட் வாட்சன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்க மதபோதகரான அவர் 1970-களில் அத்தீவின் மலை விவசாயிகளோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார். 1985-இல் மகசேசே விருது பெற்றார். முறை இதுதான். ‘ஏ’ வடிவில் மூன்று கம்புகளைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுச் சமமட்டக் கோடு காண்பது. நான்கைந்து மீட்டருக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் சவுண்டல் போன்ற பயற்றின மரத்தை இரட்டை வரிசையாக நெருக்கி விதைப்பது. இடுப்புயரத்துக்குமேல் வளரவிடாமல் வெட்டி, தழையை இடையிலுள்ள பயிருக்கு இடுவது. ஓடிவரும் மண் வேலியில் தடுக்கி நின்று, சில ஆண்டுகளில் சரிவு தானே படியாகிவிடும். 1980-களில் சவுண்டலைத் தாக்கிய ஒரு சிறு பூச்சி ஆசியா முழுக்கப் பரவியது. அதன்பின் சீமைக்கொன்றை முதலிய பலவற்றைக் கலந்து நடச் சொன்னார்கள்.

இதைப் படிக்கும் விளவங்கோட்டு விவசாயி சிரிப்பார். கையாலையும் அதன்மேல் முருக்கும் வேறென்ன? ஆனால் வாட்சனின் முறையில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. கையாலை கட்டக் கல்லும் கொத்தனும் கூலியும் வேண்டும். வேலி மரத்துக்கு விதையும் அரிவாளும் போதும். இருந்தும் அது இங்கே பரவவில்லை. காரணத்தை மண்ணில் தேடுவதைவிட ஆவணத்தில் தேடலாம். குத்தகைக்கு எடுத்தவன் மூன்றாண்டில் போய்விடுவான். பத்தாண்டுக்குப்பின் படியாகப் போகும் சரிவு அவனுக்கு எதற்கு? வனநிலத்தில் பயிர்செய்யும் காணிக்காரருக்கு அடுத்த ஆண்டே உரிமை நிச்சயமில்லை. காட்டுரிமைச் சட்டம் வந்ததே 2006-இல்தான். பனையேறிக்குப் பனை பாட்டமாக இருந்தபோதும் ஏறும் உரிமை நிலைத்திருந்தது. அதனால்தான் விதை ஊன்றியவன் ஏறும்வரை பனை நின்றது. நாற்று வழங்கும் விழாக்களில் எண்ணப்படுவது நாற்றின் தொகை. நிலம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்வி அவ்விழாக்களில் எழுவதில்லை.

காப்பி நொடித்த மலைகளில் ஓரிடம் மட்டும் வேறு வழி போயிற்று. கும்பினியார் 1800 வாக்கில் குற்றாலத்து வாசனைத் தோட்டத்தில் கிராம்பை வைத்தார்கள்; அங்கிருந்து அது தெற்கே பரவியது. மகேந்திரகிரி, வீரப்புலி காடுகளையொட்டிய மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைத் தோட்டங்களில் இன்று கிராம்பு நிற்கிறது. 2021-இல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிராம்புக்கு உழவில்லை, காட்டுநிழல் பிடிக்கும், மொட்டைக் கையால் பறித்தால் போதும். கபிலரின் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்த்திருக்கலாம். தோட்ட முதலாளிகளின் நலனுக்காக வந்த மரம்தான். எனினும் காப்பி தோற்ற சரிவில் மண் மீண்டும் கறுத்ததற்கு அதற்கும் அடிக்காட்டுக்கும் பங்குண்டு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. நவம்பர் 30-ஆம் நாளின் காற்றில் குமரியின் ரப்பரும் வாழையும் கிராம்பும் அணியணியாகச் சாய்ந்தன. மீனவர் சாவுகளின் பேரோலத்தில் மலையின் இழப்பு அதிகம் பேசப்படவில்லை, அது இயல்புதான். சாய்ந்த ரப்பரை அறுத்து விற்றபின் சரிவுகள் திறந்து கிடந்தன. மறுபடி நட்ட கன்று பாலுக்கு வர ஏழாண்டு. கிராம்பு மொட்டுக்கு வர அதற்குக் குறையாது. அதுவரை நிலத்துக்காரன் என்ன தின்பது? முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் கன்றுகளின் இடைவெளியைப் பலர் அன்னாசிக்குக் குத்தகை விட்டார்கள். அன்னாசிக் குத்தகைக்காரர் இயந்திரத்தைக் கொண்டுவந்து மண்ணைக் கிளறி, களைக்கொல்லி தெளித்து, தரையை அப்பழைய தோட்டத்துரை மெச்சும்படி சுத்தமாக வைத்தார். கொடி படரவிட்டவரும் உண்டு. அவர்களுக்கு அந்நான்கு ஆண்டில் கையில் காசில்லை.

2018-இல் நட்ட ரப்பர் இப்போதுதான் பால் வடிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு விதமான சரிவுகளையும் இன்று பக்கத்தில் பக்கமாகப் பார்க்கலாம். கொடி படர்ந்ததில் மண் சருகின் கீழே கறுத்து, கால் வைத்தால் அமுங்குகிறது. மற்றதில் மரத்தின் பக்கவேர்கள் வெளியே தெரிகின்றன. தளத்தின் விளிம்பு மழுங்கிவிட்டது. பெருமழைக்குப்பின் அதன் கீழேயுள்ள ஓடை இரண்டு நாள் செம்மண் நிறத்தில் பேச்சிப்பாறை நோக்கி ஓடுகிறது.